ஓரிக்கைத் தறியும் டல்லாஸ் கல்யாணமும்

தறிக்குழிக்குள் காலைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருந்தார் அண்ணன். நாடா அசையவில்லை. படமரத்தில் சுற்றியிருந்ததை இரண்டு முழம் இழுத்து விரித்துக் காட்டினார். அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை. முந்தானையின் ஓரத்தில், இரண்டு அன்னங்களுக்கு நடுவே, ஜரிகையில் ஒரு பெண் பெயரும் ஒரு பையன் பெயரும்.

"இத யாரு தம்பி வாங்குவா? அதே பேருல இன்னொரு ஜோடி அமையணும்."

டல்லாஸில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண், தெரிந்தவர் மூலம் எண் வாங்கி, வாட்ஸ்அப் அழைப்பில் பேசியிருக்கிறாள். நிறம் சொன்னாள், பெயர்கள் சொன்னாள், 65,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டாள். "சரிம்மா, வைகாசிக்குள்ள முடிச்சுத் தர்றேன்" என்றார் இவர். முன்பணம் கேட்கவில்லை. பட்டும் ஜரிகையும் கடனுக்கு வாங்கிப் பாவு ஏற்றினார். நான் போவதற்கு முந்தின வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது: கல்யாணம் நின்றுவிட்டது, நீங்கள் நெய்கிற அந்தப் புடவை வேண்டாம், ஸாரி. கடைசி வார்த்தை மன்னிப்பா, புடவையேதானா என்று அண்ணிக்குப் பிடிபடவில்லை. இரண்டு முறை போட்டுக் கேட்டாராம்.

"அமெரிக்காவுல காபி கொட்டினதுக்கே கோடிக்கணக்குல குடுத்தாங்களாமே! நாம ஒரு கேஸ் போட்டா என்னா?" என்றார் அண்ணன்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தது. அமெரிக்கச் சட்டத்தின் அரிச்சுவடியை நான் படிக்க ஆரம்பித்தது காஞ்சிபுரம் ஓரிக்கையில், அரைகுறைப் புடவை ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்துதான். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. சொன்ன சொல்லுக்கும் நிரூபிக்க முடிந்த சொல்லுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. காஞ்சிபுரத்திலும் சரி, டெக்சாஸிலும் சரி, வக்கீல்கள் குடியிருப்பது அந்த இடைவெளியில்தான்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் கழித்துவிடலாம். 'அமெரிக்கச் சட்டம்' என்று ஒரே புத்தகம் கிடையாது. மாநிலங்கள் 50, கூட்டாட்சி அரசு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித் தனிச் சட்டம், தனித் தனி நீதிமன்றம். கொலை, கல்யாணம், விவாகரத்து, சொத்து, ஒப்பந்தம் ஆகியவை பெரும்பாலும் மாநிலத்தின் கையில். குடியுரிமை, காப்புரிமை, திவால் போன்றவை கூட்டாட்சியின் கையில். நம்மூரில் கீழ்க்கோர்ட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை ஒரே ஏணி. அங்கே இரண்டு ஏணிகள் பக்கத்தில் பக்கத்தில் சாத்தியிருக்கின்றன. டெக்சாஸில் நீதிபதிகளைத் தேர்தலில் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றதும் அண்ணன் நம்பவில்லை. "அப்ப சொவத்துல பேரு எழுதுவாங்களா?"

ஆனால் அடிவேர் ஒன்று. மதராஸ் உயர் நீதிமன்றத்தை 1862-ல் நிறுவியபோது நமக்கு வந்ததும், அட்லாண்டிக்கைத் தாண்டி அவர்களுக்குப் போனதும் அதே இங்கிலாந்துப் பொதுச் சட்டம். ஒரே அச்சு ஜக்கார்டு அட்டையை இரண்டு தறியில் மாட்டி, வேறு வேறு நூல் ஓட்டினால் எப்படியிருக்கும், அப்படி.

சொன்னால் போதுமா?

ஒப்பந்தம் உருவாக மூன்று வேண்டும் என்கிறது அங்குள்ள பாடம். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் ஏற்க வேண்டும், இரண்டு பக்கமும் ஏதாவது கைமாற வேண்டும். இந்த மூன்றாவதைக் கைம்மாறு என்று நம் சட்டப் புத்தகங்கள் சொல்கின்றன. சும்மா கொடுத்த வாக்குக்குக் கோர்ட் காவல் நிற்காது.

கைம்மாறு பணமாகத்தான் இருக்க வேண்டுமா? நியூயார்க்கில் ஒரு வழக்கு. 1869-ல், குடும்ப விசேஷம் ஒன்றில், உறவினர் முன்னிலையில் ஒரு பெரியவர் தன் சகோதரர் மகனிடம் சொன்னார்: 21 வயது வரை குடி, புகை, கெட்ட வார்த்தை, பணம் வைத்துச் சீட்டாட்டம் எதுவும் கூடாது, இருந்து காட்டினால் 5,000 டாலர். பையன் இருந்து காட்டினான். பணம் கைக்கு வருமுன் பெரியவர் காலமானார். சொத்தை நிர்வகித்தவர், 'பையன் ஒழுக்கமாக இருந்ததால் பெரியவருக்கு என்ன லாபம்? கைம்மாறு எங்கே?' என்று மறுத்தார். 1891-ல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் பையன் பக்கம் நின்றது. செய்ய உரிமையுள்ள ஒன்றைச் செய்யாமல் விட்டதே கைம்மாறு என்றது. அமெரிக்கச் சட்டக் கல்லூரி மாணவர்கள் ஆரம்ப நாட்களிலேயே படிக்கும் வழக்கு இது.

நம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் இதைவிடச் சுவையான ஒரு பிரிவு உண்டு, 25-ஆம் பிரிவு. நெருங்கிய உறவினருக்குள் அன்பினாலும் பாசத்தினாலும் கொடுத்த வாக்கு, கைம்மாறே இல்லாவிட்டாலும் செல்லும். ஆனால் எழுதியிருக்க வேண்டும், பதிவும் செய்திருக்க வேண்டும். தாய்மாமன் பாசத்தையும் சார்பதிவாளர் ஆபீஸில் முத்திரை போட்டு வாங்க வேண்டியிருக்கிறது!

இனி அண்ணனின் விஷயம். வாய்ப்பேச்சு ஒப்பந்தம் இந்தியாவில் பொதுவாகச் செல்லும். அமெரிக்காவில் 500 டாலரோ அதற்கு மேலோ விலையுள்ள சரக்கு என்றால் எழுத்து வேண்டும், மறுப்பவரின் கையொப்பமும் வேண்டும். லூசியானா தவிர எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்ட வணிகச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது இந்த விதி. வேர் 1677-ல் இங்கிலாந்தில் வந்த சட்டம். 65,000 ரூபாய்ப் புடவை 500 டாலரைத் தாண்டிவிடுகிறது. அப்படியானால் அண்ணன் கதை முடிந்ததா?

இல்லை. அதே விதிக்குள் ஒரு விலக்கு ஒளிந்திருக்கிறது. வாங்குபவருக்கென்றே தனியாகச் செய்த பொருள், வழக்கமான வியாபாரத்தில் வேறு யாருக்கும் விற்க ஏற்றதல்ல, ரத்து என்ற செய்தி வருமுன்பே வேலை கணிசமாகத் தொடங்கிவிட்டது. இப்படி இருந்தால் எழுத்து இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் செல்லும். முந்தானையில் இரண்டு பேரின் பெயரை நெய்த புடவையைவிட இதற்குப் பொருத்தமான உதாரணத்தை எந்தப் பேராசிரியராலும் ஜோடிக்க முடியாது என்று நினைக்கிறேன்.

இன்னொரு விதி, பாதியில் நிற்கும் சரக்குக்கென்றே உள்ளது. வாங்குபவர் பின்வாங்கிவிட்டால், விற்பவர் நஷ்டத்தைக் குறைக்கும் வழியை வியாபார நிதானத்தோடு யோசித்து, வேலையை முடிக்கலாம். அல்லது நிறுத்திவிட்டு மிஞ்சியதைக் கிடைத்த விலைக்குத் தள்ளலாம். நஷ்டத்தை வளரவிட்டு மொத்தத்தையும் எதிராளி தலையில் கட்ட முடியாது. நம் சட்டத்தின் 73-ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது.

எந்த ஊர் ஒப்பந்தம் இது? இங்கே கொஞ்சம் வேடிக்கை. தொலைபேசியில் பேசி முடித்த ஒப்பந்தம், 'சரி' என்ற சொல் காதில் விழுந்த ஊரில் உருவாகிறது என்று 1965-ல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்டவள் டல்லாஸ், 'சரிம்மா' என்றவர் ஓரிக்கை, அந்த 'சரிம்மா' ஒலித்தது டல்லாஸில். ஆகவே தறியும் நெசவாளியும் பட்டும் இங்கே இருக்க, ஒப்பந்தம் மட்டும் அங்கே பிறந்திருக்கிறது. அதற்காக இங்கே வழக்குப் போட முடியாது என்றில்லை. வழக்குக்கான காரணத்தில் ஒரு பகுதி இங்கே நடந்திருந்தாலே போதும். ஆனால் அமெரிக்காவில் தீர்ப்பு வாங்கி வந்தால் அதை இங்கே நேரடியாக நிறைவேற்ற முடியாது. பரஸ்பரம் தீர்ப்பை ஏற்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா அமெரிக்காவைச் சேர்க்கவில்லை. அந்தத் தீர்ப்பை ஆதாரமாக வைத்து இங்கே இன்னொரு வழக்குப் போட வேண்டும்.

"கெட்டுது போ" என்றார் அண்ணன்.

காபியும் பாலாறும்

காபி வழக்குக்கு வருவோம். ஆள் ஆளுக்கு அரைகுறையாகச் சொல்லி, 'அமெரிக்காவில் தடுக்கி விழுந்தால் கோடீஸ்வரன்' என்ற பேச்சு வந்ததே இதனால்தான். 1992-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தில், காரில் உட்கார்ந்திருந்த 79 வயது மூதாட்டி, மெக்டொனால்ட்ஸ் காபி மூடியைத் திறக்கும்போது மடியில் கொட்டிக்கொண்டார். எட்டு நாள் ஆஸ்பத்திரி, தோல் ஒட்டு அறுவைச் சிகிச்சை. அந்தக் கடைக் காபியின் சூடு 82 டிகிரி செல்சியசுக்கும் மேல். 1994-ல் ஜூரி கணக்குப் பார்த்தது: பாட்டி மேல் 20 சதவீதம் தப்பு, கம்பெனி மேல் 80. இழப்பீடாக 2 லட்சம் டாலர், அதில் 20 சதவீதம் கழித்து 1,60,000. அதற்கு மேல் தண்டனைத் தொகையாக 27 லட்சம். அந்தத் தண்டனைத் தொகையை நீதிபதி 4,80,000 டாலராக வெட்டினார். பிறகு இரு தரப்பும் வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள்.

இது ஒப்பந்தச் சட்டம் அல்ல. ஒருவர் செயலால் இன்னொருவருக்கு ஊறு விளைந்தால் ஈடு கட்ட வேண்டும் என்ற தீங்கியல் சட்டம். கேள்விகள் நாலுதான்: கவனமாக இருக்க வேண்டிய கடமை இருந்ததா, தவறினாரா, அந்தத் தவறால்தான் விளைந்ததா, விளைந்தது எவ்வளவு? தண்டனைத் தொகை வருவது இந்தப் பக்கத்தில்தான். வாக்குத் தவறியதற்கு மட்டும் சாதாரணமாக அது கிடையாது. அண்ணனின் கோடிக் கணக்கு அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

இந்த நாலு கேள்விகளையும் ஓரிக்கையில் கேட்க வேண்டிய இடம் வேறு. பாலாற்றங்கரையில் நின்றால் பெரும்பாலான மாதங்களில் தெரிவது மணல்தான். மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. அங்கே தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் மக்கள் நல மன்றம் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவன் கொடுக்க வேண்டும்; கெடும் என்று சந்தேகம் வந்தாலே முன்கூட்டித் தடுக்க வேண்டும். இந்த இரண்டும் நாட்டின் சட்டம் என்று அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பு அது. அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், அதாவது நம் காஞ்சிபுரமும் அடங்கிய மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகளுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம்.

அதே 1996-ல் கலிபோர்னியாவின் ஹிங்க்லி என்ற சிற்றூரில் இதே மாதிரி ஒரு விவகாரம் முடிவுக்கு வந்தது. எரிவாயு கம்பெனி ஒன்று குரோமியம் கலந்த கழிவு நீரைக் குட்டைகளில் விட்டு நிலத்தடி நீரைக் கெடுத்திருந்தது. 600-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து வழக்காடினார்கள். 33 கோடியே 30 லட்சம் டாலருக்குச் சமரசம். எரின் ப்ரோக்கோவிச் கதை. ஜூலியா ராபர்ட்ஸ் நடித்த படத்தைப் பார்த்திருப்பீர்கள்.

ஹிங்க்லிக்காரர்களுக்கு வக்கீல் வைக்கப் பணம் இருந்ததா? அங்கே வக்கீல் முன்பணம் வாங்காமல் வழக்கை எடுக்கலாம். ஜெயித்தால் ஒரு பங்கு, பெரும்பாலும் மூன்றில் ஒன்று. தோற்றால் வக்கீலுக்கு நாமம். இந்தியாவில் இப்படிப் பங்குக்கு வழக்காடுவதை வழக்கறிஞர் கழக விதி தடுக்கிறது. இது நல்லதா கெட்டதா என்று கேட்டால், நான் இரண்டு பக்கமும் தலையாட்டுவேன். பங்கு முறையில் பேராசை உண்டு. ஆனால் பங்கு முறை இல்லாத ஊரில் ஆற்றங்கரைக் குடியானவன் பெரிய கம்பெனியை எதிர்க்கப் பொதுநல வழக்கையும் நீதிபதியின் மனசாட்சியையும் நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. பாலாறு 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் ஓடியது. ஆற்றில்தான் ஓடவில்லை.

ஓர் இரவு இருக்கை

ஓரிக்கை என்ற பெயருக்கே ஒரு வழக்கு விவரம் உண்டு. திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன். தன்னைப் பாடச் சொன்னான் பல்லவ மன்னன். மனிதரைப் பாட மாட்டேன் என்றார் கணிகண்ணன். நாட்டை விட்டுப் போ என்றான் மன்னன். சீடர் கிளம்ப, குரு கிளம்ப, குரு சொன்னதும் திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அன்றிரவு அவர்கள் தங்கிய இடம் ஓர் இரவு இருக்கை, ஓரிக்கை. ஊர் இருண்டது, மன்னன் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டான், எல்லாரும் திரும்பினார்கள். சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்று அவருக்குப் பெயர் நிலைத்தது. தை மகத்தன்று இன்றும் பெருமாள் இங்கே எழுந்தருளுகிறார். இங்குள்ள மகாபெரியவர் மணிமண்டபத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியுமோ.

கதையைச் சட்டக் கண்ணாடி போட்டுப் படித்தால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. பாட மறுக்க உரிமை உண்டா? விசாரிக்காமல் ஊரை விட்டு விரட்டலாமா? அமெரிக்க அரசியல் சட்டத்தின் சாரமே இந்த இரண்டுக்குள் பாதி அடங்கிவிடும்.

முதல் கேள்வி. 1943-ல், உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது, மேற்கு வர்ஜீனியாவில் கொடி வணக்கம் செய்ய மறுத்த பள்ளிப் பிள்ளைகளின் வழக்கில், யாரையும் வற்புறுத்திச் சொல்லவைக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். பேச்சுரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடக்கம். 1985-ல் கேரளத்தில் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986-ல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த அமெரிக்கத் தீர்ப்பையும் எடுத்துக்காட்டி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். கணிகண்ணனுக்கு அந்த அமர்வு கிடைத்திருந்தால் பெருமாளுக்கு அலைச்சல் மிச்சம்.

இரண்டாவது கேள்வியில் நம் கதையும் அவர்கள் கதையும் பின்னிக்கிடக்கின்றன. உரிய சட்டமுறை இல்லாமல் ஒருவரின் உயிரையும் விடுதலையையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாம், பதினான்காம் திருத்தங்கள். உரிய முறை என்றால் நோட்டீஸ் வேண்டும், சொல்ல வாய்ப்பு வேண்டும், சார்பற்ற ஆள் விசாரிக்க வேண்டும். நம் அரசியல் சட்ட வரைவிலும் 'உரிய சட்டமுறை' என்ற அந்தத் தொடர் முதலில் இருந்தது. 1947-ல் அமெரிக்கா போன அரசியல் சட்ட ஆலோசகர் பி.என்.ராவ், அங்கே நீதிபதி ஃபெலிக்ஸ் ஃப்ராங்ஃபர்ட்டரைச் சந்தித்தார். அந்தத் தொடரை வைத்தால் மக்கள் தேர்ந்தெடுத்த சபையின் சட்டங்களை நீதிபதிகள் உடைத்துப் போடுவார்கள் என்று ஃப்ராங்ஃபர்ட்டர் எச்சரித்தார். திரும்பி வந்ததும் தொடர் போயிற்று. 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' வந்தது. சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் அதை ஆதரித்தார்.

விலை உடனே தெரிந்தது. மதராஸ் அரசு விசாரணையின்றிச் சிறை வைத்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் வழக்குப் போட்டார். சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. அதன்படி நடந்ததா? நடந்தது. அது நியாயமான சட்டமா என்று கேட்க எங்களுக்கு வேலையில்லை. 1950 மே மாதத் தீர்ப்பு ஏறக்குறைய அப்படித்தான் போயிற்று. பாஸ்போர்ட்டைப் பறித்துவிட்டுக் காரணம் சொல்ல மறுத்த மேனகா காந்தி வழக்கில், 1978-ல்தான், நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் திருத்திக்கொண்டது. வாசல் வழியாக அனுப்பிய தொடர் 28 வருஷம் கழித்துக் கொல்லைப்புறமாக வந்து சேர்ந்தது.

பதினைந்து டாலர்

அண்ணன் சின்ன வயதில் ஒரு முதலாளி வீட்டுத் தறியில் கோர்வை போட்டவர். கரைக்கும் உடலுக்கும் வேறு வேறு நிறம் வர மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளிக்கு இடப்பக்கம் ஒரு பொடியன் உட்கார்ந்து ஒரு நாடாவைத் தள்ளித் தருவான். பள்ளிக்கூடம் போகாத பொடியன். வீட்டில் வாங்கிய முன்பணம் கழியும் வரை அந்தத் தறியை விட்டு எழ முடியாது. கூலியில் கழிப்பார்கள், திருவிழாவுக்கு, காய்ச்சலுக்கு என்று மறுபடி வாங்குவார்கள், கழியவே கழியாது.

இதே கண்ணி அமெரிக்காவிலும் இருந்தது. அலபாமாவில் அலோன்சோ பெய்லி என்ற கறுப்பினத் தொழிலாளி 15 டாலர் முன்பணம் வாங்கிக்கொண்டு, மாதம் 12 டாலருக்கு ஒரு வருஷம் பண்ணை வேலை செய்ய ஒப்பந்தம் போட்டார். நடுவில் நின்றுவிட்டார். வாக்குத் தவறியது சிவில் விஷயம்தானே? அலபாமா சட்டம் அதைக் கிரிமினல் ஆக்கியிருந்தது. முன்பணம் வாங்கி வேலையும் செய்யாமல் பணத்தையும் திருப்பாவிட்டால் ஆரம்பத்திலேயே ஏமாற்ற நினைத்ததாக அர்த்தம். என் மனசில் அப்படி இல்லை என்று சாட்சி சொல்லவும் அனுமதியில்லை. 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. அடிமைமுறையை ஒழித்த 1865-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம், கடனைக் காட்டி வேலை வாங்குவதையும் சேர்த்துத்தான் ஒழித்தது என்றது. நமக்குக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அப்படிப்பட்ட கடன் அடைந்ததாகவே ஆகிவிடும் என்கிறது அது. அண்ணனின் கடன் அந்தச் சட்டத்தால் அடையவில்லை. அவர் அப்பா வீட்டுப் பின்மனையை விற்று அடைத்தார்.

சிவிலுக்கும் கிரிமினலுக்கும் உள்ள இந்தக் கோடு முக்கியம். சிவிலில் எந்தப் பக்கம் தராசு கொஞ்சம் சாய்ந்தாலும் போதும். கிரிமினலில் நியாயமான சந்தேகம் மிஞ்சக் கூடாது. காஞ்சிபுரத்துக்கு இது தெரிந்த பாடம். 2004 செப்டம்பரில் வரதராஜப் பெருமாள் கோயில் வளாகத்திலேயே மேலாளர் கொலையானார். தமிழ்நாட்டில் நியாயமான விசாரணை நடக்காது என்ற அச்சத்தில் உச்ச நீதிமன்றம் வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றியது. 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ்சாட்சியானார்கள். 2013 நவம்பரில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுதலை. 1995 ஒக்லஹோமா குண்டுவெடிப்பு வழக்கை டென்வருக்கு மாற்றியதும் அதே அச்சத்தால்தான். அங்கே அச்சம் உள்ளூர் ஜூரியைப் பற்றி. நமக்கு ஜூரி கிடையாது. 1973-ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டத்திலேயே அதற்கு இடமில்லாமல் போயிற்று.

சாமி பேரில் பட்டா

சொத்துச் சட்டத்தில் ஒரு விஷயம் சொன்னால் அமெரிக்க வக்கீல்கள் புருவம் உயர்த்துவார்கள்: இங்கே சாமிக்குச் சொத்து உண்டு, வழக்காடவும் உரிமை உண்டு. 1925-லேயே பிரிவி கவுன்சில் ஏற்ற விஷயம். திருவாரூர்ப் பக்கம் பத்தூரில் 1976-ல் மண்ணுக்குள் கிடைத்து, லண்டன் வரை கடத்தப்பட்ட நடராஜர் வழக்கில் அந்த ஊர்க் கோயிலே வாதியாக நிற்க இங்கிலாந்து நீதிமன்றம் இடம் கொடுத்தது. 1991-ல் நடராஜர் வீடு திரும்பினார். நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூருக்கு உடையார்பாளையம் வரதராஜப் பெருமாள் கோயில் சிலைத் திருட்டில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டு விதித்தது. திருடனிடம் வாங்கியவனுக்கு உரிமை வராது என்பதில் நியூயார்க்கும் கும்பகோணமும் ஒரே கட்சி.

கோயில் சண்டையில் மட்டும் வேறு வேறு கட்சி. காஞ்சி வைணவர்களின் வடகலை, தென்கலைச் சண்டை தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டில் நிற்கிறது. யார் முன்னால் ஓதுவது, யார் எங்கே நிற்பது என்றெல்லாம் நீதிபதிகள் உத்தரவு எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் இது நடக்காது. சபைக்குள் நடக்கும் மதச் சச்சரவில் தலையிட மாட்டோம் என்று அங்கே 1870-களிலேயே, ஒரு பிரெஸ்பிடேரியன் சர்ச் வழக்கில், முடிவு செய்துவிட்டார்கள்.

'காஞ்சிபுரம் பட்டு' என்ற பெயரும் ஒரு சொத்துதான். புவிசார் குறியீடு 2005-06-ல் கிடைத்தது. அமெரிக்காவில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. ஐடஹோ உருளைக்கிழங்கு என்றால் சான்று முத்திரையாகப் பதிந்து காக்கிறார்கள். டல்லாஸ் மாப்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: டெக்சாஸ், கலிபோர்னியா, வாஷிங்டன் உட்பட ஒன்பது மாநிலங்களில் கல்யாணத்துக்குப் பின் சம்பாதித்தது இருவருக்கும் பொது. ஐ.டி. தமிழர்கள் பலர் போயிருக்கும் மாநிலங்களும் இவற்றில் உண்டு.

போன வாரம் மறுபடி ஓரிக்கைக்குப் போனேன். நம்மூர்க் கோர்ட் என்றாலும் ஆதாரம் வேண்டுமே என்று ஃபோனை வாங்கிப் பார்த்தேன். ஆர்டர் கொடுத்தது அழைப்பில். பதிவு எதுவும் இல்லை. மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாய்ஸ் மெசேஜ்தான். 'நீங்கள் நெய்கிற அந்தப் புடவை வேண்டாம்' என்கிறாள். அதாவது, ஆர்டர் கொடுத்ததை அவளே ஒப்புக்கொள்கிறாள். அண்ணன் மனசை நோகடித்த அதே பதிவுதான் அவருடைய முதல் சாட்சி. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின்படி, மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்ய ஒரு சான்றிதழும் கூடவே வைக்க வேண்டும்.

"அண்ணி, இத மட்டும் அழிச்சுடாதீங்க" என்றேன்.

"அழிக்கல தம்பி. அந்தப் பொண்ணு அழுதுனு பேசுது. எப்படி அழிக்கறது?"

உள்ளே நாடா ஓடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அண்ணன் மிதித்துக்கொண்டிருந்தார். படமரம் தடித்திருந்தது, இன்னும் ஒன்றரை முழம்தான் பாக்கி.

"இன்னும் ஏண்ணா நெய்யறீங்க? நிறுத்திட்டாலும் சட்டம் ஒத்துக்கும்."

அவர் நிமிரவில்லை. "வைகாசிக்குள்ள முடிச்சுத் தர்றேன்னு சொல்லிட்டேனே" என்றார்.